சும்மா

லைட் ஸ்திரீட் கோர்ட்டில் எனக்கு வேலை
இந்த வாயிலிருந்து எடுத்து அந்தக் காதில் வைப்பது.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.
அழுகைக்கு மொழிபெயர்ப்பு கிடையாது,
அது முடியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

இன்று ஒன்பது பத்துக்கு யோகமலர்.
பிறை தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து
பெர்ரியில் வந்தவள்.
நீலச் சட்டையை மாற்ற நேரமில்லை.
அடையாளக் கார்டில் அப்பா பெயர்தான்,
இந்த நாட்டில் அப்படித்தான்.
புருஷன் பெயர் இருப்பது
ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில்,
இடது விலா, வலது மணிக்கட்டு என்ற வரிகளுக்கு மேலே.

பக்கத்தில் அரசாங்க வக்கீல், புவான் நோர்ஹயாதி,
கொட்டாவியைக் கோப்பால் மறைத்துக்கொண்டு.
யோகமலர் பிளாஸ்டிக் பையைப் பிரித்தாள்.
ரப்பர் பேண்டு போட்ட நோட்டுகள்,
தோட்டை வைத்த அடகுக்கடைச் சீட்டு.
"எவ்ளோன்னு கேளுங்கண்ணே."

கேட்டேன்.
"பெர்ச்சுமா" என்றார் வக்கீல்.

மலாயில் அதற்குக் காசில்லாமல் என்று ஒரு பொருள்,
பிரயோசனமில்லாமல் என்று இன்னொன்று.
நம் சொல்தான் கப்பலேறி வந்து
அப்படி ஆனது என்பார்கள்.
இலவசம் என்றேன்.
தேர்தல் அரிசிப்பை ஞாபகம் வந்ததோ என்னவோ,
விழித்தாள்.
"சும்மாம்மா. சும்மா வாதாடுவாங்க."

சொல்லியிருக்கக் கூடாது.

அந்த வார்த்தையை அவளுக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும்.
எதுக்கு அடிச்சாரு? சும்மாதான்.
சும்மாவா அடிப்பான் ஒருத்தன், என்றாள் நாத்தனார்.
சும்மா இரு, பிள்ளைங்க முழிச்சிக்கும்,
என்றார் கோயில் கமிட்டி மாமனார்.
சும்மா சும்மா வராதம்மா, என்றது
போலீஸ் கவுண்டர், மூன்றாம் முறை.
சும்மா இரு, நமக்கென்ன, என்று
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில்
மனைவியை அடக்கிவிட்டு
டிவி சத்தத்தைக் கூட்டியது
நான்.
அது வேறு சுவர், வேறு பெண்.

போன வருஷமும் மனுப் போட்டாளாம்.
அந்தப் பாரத்தில் குடும்ப வருமானம் என்றொரு கட்டம்.
லாரிக்காரர் சம்பளம் அதில் ஏறி உட்கார்ந்தது,
அவள் கண்ணால் பார்க்காத சம்பளம்.
தகுதியில்லை.
அடிக்கிற கையையும் சேர்த்து எண்ணிவிட்டு
உனக்குத்தான் இத்தனை கை இருக்கிறதே என்றது பாரம்.

பிறகு கோலாலம்பூரில்
யாரோ ஒரு மத்தியானம்
ஒரு பிரிவில் ஒரு வரியைத் திருத்தினார்கள்:
எதிர்மனுதாரர் வருமானம் நீங்கலாக.
நீங்கலாக.
எத்தனை வருஷம் யார் யார் நடந்து
அந்த ஒரு சொல்லை வாங்கினார்களோ.
பேப்பரில் எட்டாம் பக்கம், மிக்ஸி விளம்பரத்துக்குக் கீழே.
நான் மிக்ஸியைப் பார்த்திருப்பேன்.

"காசு குடுத்தாதானேண்ணே உசிரா பேசுவாங்க?"

கூட்டாமல் குறைக்காமல் மலாயில் வைத்தேன்.
வக்கீல் சிரிக்கவில்லை.
கோப்பைத் திறந்து மஞ்சள் காகித நாக்குகளைக் காட்டினார்,
பதினாறு இருக்கும்.
"நேத்து ராத்திரி ஒன்றரை மணிவரைக்கும் இதோடதான்.
என் பீஸை நீங்க கட்டியாச்சு, அக்கா.
சோப்பு வாங்கினீங்க இல்லையா, அதுல."
(அக்கா என்பது என்னுடையது.
காக்காக் என்றார், வேறென்ன போடுவது.)

மாஜிஸ்திரேட் இருபது நிமிஷம் கேட்டார்.
யோகமலர் கடைசிவரை அடிச்சாரு என்றே சொன்னாள்,
ஒரு தடவைகூட அடிச்சான் இல்லை.
மலாயில் அந்த மரியாதைக்கு இடமில்லை.
அது கீழே விழுந்தது,
நான் குனிந்து எடுக்கவில்லை.

இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு, மூன்று பக்கம்.
மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள்,
பைப் பொத்தானை இரண்டுமுறை தொட்டுப் பார்த்தாள்.
அப்புறம் நோட்டுக் கட்டைத் தூக்கிக் காட்டி,
"அடகுக்கடை எத்தன மணிக்குத் தெறப்பாங்க?"

மொழிபெயர்க்க அதில் ஒன்றுமில்லை.
பத்துக்கு, என்றேன். சூலியா தெருவில் ஒன்று இருக்கிறது.

ராத்திரி டிவியைப் போடவில்லை.
சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தேன்.
சுவர் சும்மா இருந்தது.
நல்லதுக்கா என்று தெரியவில்லை.